மாசிலாமணி வேலைக்கு வந்த வீடுகள்

எலக்ட்ரீஷியன் மாசிலாமணி இறந்து, கருமாதி முடிந்து, வாசல் பந்தலைப் பிரித்து எடுத்துக்கொண்டு போன மறுநாள் காலையில், கிட்டங்கித் தெரு டெய்லர் அல்லிமுத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. அல்லிமுத்து இருபது வருஷப் பழக்கத்தில் யோசிக்காமல் கைப்பேசியை எடுத்து மாசிலாமணியின் எண்ணைப் போட்டார். அந்த எண்ணுக்குரிய கைப்பேசி மாசிலாமணியின் சட்டைப்பையிலேயே கருகி உருகிப் போனது தெருவுக்கே தெரியும். ஆனாலும் மணி அடித்தது. மூன்றாவது மணியில், "வந்துக்கிட்டே இருக்கேன் அண்ணே" என்றார் மாசிலாமணி. சொன்னபடி கால் மணி நேரத்தில் தோளில் காக்கிப் பையோடு வாசலில் வந்து நின்றார். தெரு ஆச்சரியப்பட்டது என்றால் இந்த ஒரு விஷயத்துக்குத்தான், ஏனென்றால் உயிரோடு இருந்த காலத்தில் அவர் "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று சொன்னால் வந்துசேர மூன்று நாளாகும்.

அல்லிமுத்து மோட்டாரைக் காட்டினார். மாசிலாமணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்டென்சரை மாற்றி, மோட்டாரை ஓடவிட்டு, தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். டீ கொடுத்தபோது வேண்டாம் என்றார். கிளம்பும்போது வாசல் சுவரிலிருந்த மீட்டர் பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு பார்வை பார்த்தார்.

"புயலப்ப வீட்ல ஜெனரேட்டர் ஓட்டுனீங்களா அண்ணே?"

"இல்லப்பா. நாங்க அடிபம்புலதான் அடிச்சுக்கிட்டோம்."

மாசிலாமணி தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியை மூடினார். தெருமுனை மின்கம்பம் வரைக்கும் அவர் நடந்து போனதை நாலைந்து பேர் பார்த்தார்கள். அதற்கப்புறம் எந்தப் பக்கம் திரும்பினார் என்பதை யாரும் பார்க்கவில்லை.

முதல் மாதம் ஐந்து வீடு, அடுத்த மாதம் ஆறு வீடு என்று அவர் வர வர, தெரு அவருக்குப் பழகிக்கொண்டது. கோயில் குருக்களைக் கேட்டார்கள். வாசல் வழியாக வந்து வாசல் வழியாகப் போகிறவரால் வீட்டுக்குக் கெடுதல் இல்லை, பூஜை அறையில் மட்டும் வேலை வைக்காதீர்கள் என்று அவர் சொல்லிவிட்டார். மாசிலாமணி வரும்போது தெருநாய்கள் குரைக்காமல் எழுந்து ஓரமாகப் போய் நின்றன. அவர் கடந்துபோகையில் அணைந்து கிடக்கும் பல்புகள் மெல்லச் சிவந்து மறுபடி கறுத்தன. பக்கத்தில் போனால் கை முடி எழுந்து நிற்கும் என்பதால் குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை, வேலைக்கு வந்த மனிதரிடம் அதையெல்லாம் கேட்பது மரியாதை இல்லை என்று எல்லோருக்கும் தோன்றியது. ஐம்பது வருஷத்து மரச்சட்ட வயரிங்கை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகக் குழாய் பதித்தார், பீங்கான் ஃபியூஸ்களைக் கழற்றிவிட்டு பிரேக்கர் பெட்டி வைத்தார், வீட்டுக்கு வீடு கொல்லையில் குழி தோண்டி எர்த்துக் கம்பி இறக்கினார். செத்த மனிதர் செய்த வேலையில் ஒரு குறை சொல்வதற்கில்லை. பக்கத்துத் தெருக்காரர்களும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவர் விழுந்தது கிட்டங்கித் தெருவில், அதனால் வருவதும் கிட்டங்கித் தெருவுக்குத்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்ததும் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்பது யாரும் விளக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கார்த்திகை மாதத்துப் புயல் தென்னைகளை வேரோடு சாய்த்து, கம்பங்களை முறித்து, ஊரைப் பன்னிரண்டு நாள் இருட்டில் போட்டது. நான்காம் நாள், வெளியூரிலிருந்து வந்த லைன்மேன்களுக்குக் கை போதவில்லை என்று மாசிலாமணி தானாகவே உதவிக்குப் போனார். அந்தத் தெருவுக்கு வரும் லைனை அணைத்துவிட்டார்கள், சோதித்தும் பார்த்துவிட்டார்கள், அதன் பிறகுதான் அவர் கம்பத்தில் ஏறினார். நட்டநடுப் பகலில், செத்துக் கிடந்த கம்பியில், எங்கிருந்தோ கரண்ட்டு வந்தது. ஏதோ ஒரு வீட்டில் மெயினை இறக்காமல் ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார்கள், அது வெளியே பாய்ந்து கம்பிக்கு வந்திருக்கிறது என்று விசாரிக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ஊரெங்கும் வாடகை ஜெனரேட்டர்கள் இரைந்துகொண்டிருந்தன. எந்த வீடு என்பது தெரியவில்லை.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். தெருக்கோடியில், வாய்க்காலை ஒட்டிய நாற்பத்தோராவது வீட்டுக்காரர், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வைத்திலிங்கம்.

மனைவி புஷ்பவல்லி அந்த வாரம் தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். மாடித்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெளிக் கம்பியைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருந்தால்தான் வீட்டு லைனில் கொடுக்கலாம், இல்லாவிட்டால் மோட்டாரைத் தனியாகக் கழற்றி ஓட்டுங்கள் என்று ஜெனரேட்டர் கொடுத்தவன் சொல்லித்தான் கொடுத்தான். வைத்திலிங்கம் ஒரு வயரின் இரண்டு முனையிலும் பிளக்கை மாட்டி, ஒன்றை ஜெனரேட்டரிலும் ஒன்றை மோட்டாருக்குப் பக்கத்துச் சாக்கெட்டிலும் சொருகினார். பத்து நிமிஷ வேலைதானே என்று நினைத்தார். மெயினை இறக்க வேண்டும் என்பது அவர் நினைவிலேயே இல்லை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தரம் மூச்சுத் திணறியது போலக் கம்மி, மறுபடி சரியானது. அதன் பிறகுதான் தெருவில் கூக்குரல் கேட்டது. அவர் அதை நிறுத்தி, விழுந்துகிடந்த தென்னை மட்டைகளை இழுத்து மூடினார். பிறகு தெருவுக்கு ஓடி, மற்றவர்களோடு சேர்ந்து மாசிலாமணியைத் தூக்கினார். கால் பக்கம் பிடித்தவர் அவர்தான்.

அதனால் அந்தத் தெருவில் மாசிலாமணியைக் கூப்பிடாத வீடு அது ஒன்றாகவே இருந்தது. வீடோ சும்மா இருக்கவில்லை. தை மாதம் கூடத்து மின்விசிறி நின்றது. மாசியில் சமையலறை சுவிட்ச்சைப் போட்டால் உள்ளே பொரிகிற சத்தம் கேட்டது. பங்குனியில் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது, வைத்திலிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தாமே கம்பி கட்டினார், கட்டியது மறுநாளே போனது. அடுத்த ஊரிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியனை ஏற்பாடு செய்தார். அவன் தெருமுனை டீக்கடையில் வழி கேட்டிருக்கிறான். கிட்டங்கித் தெரு என்றதும் கடைக்காரர், "அங்க மாசிலாமணி பாக்குறாரே" என்றிருக்கிறார். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஒருவர் கைவைத்த லைனில் இன்னொருவர் கைவைப்பதில்லை என்று போனில் மட்டும் சொன்னான்.

"அவரையே கூப்பிட்டா என்ன?" என்று புஷ்பவல்லி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். "எனக்குச் செத்தவங்களைப் பாக்குற தெம்பு இல்ல" என்று வைத்திலிங்கம் சொன்னதை அவள் நம்பினாள். சாயங்காலங்களில் அவர் அல்லிமுத்துவின் தையல் கடையில் போய் உட்காருவார். இந்த வாரம் எந்த வீடு, என்ன வேலை, என்ன கேட்டார் என்று ஆட்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். முப்பது வீடு ஆயிற்று, முப்பத்தைந்து ஆயிற்று. ஆடி பிறந்தபோது நாற்பது ஆயிற்று. அதற்கப்புறம் கடையில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவரும் போவதை நிறுத்திவிட்டார். மத்தியானங்களில் வீட்டுச் சுவருக்குள் ஈ அடைபட்டது போல ஒரு ரீங்காரம் கேட்டது. காதை வைத்தால் நின்றுவிடும், எடுத்தால் தொடங்கிவிடும்.

ஆடி கடைசியில் மகள் குமுதினி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். எட்டு மாத வயிறு. வந்த இரண்டாம் நாள் குளியலறைக் குழாயைத் திறந்தபோது விரலில் சுருக்கென்றது. மூன்றாம் நாள் ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டவள் கையை உதறிக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றாள், கொஞ்ச நேரம் அவளால் பேச முடியவில்லை. வைத்திலிங்கம் ஓடிப்போய் மெயினை இறக்கினார்.

"பயப்படாதீங்கப்பா. மாசிலாமணிச் சித்தப்பாவுக்குப் போன் பண்ணிட்டேன். வந்துக்கிட்டே இருக்காராம்."

வைத்திலிங்கம் கொல்லைப் பக்கம் போனார். கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால் வரப்பு, வரப்போடு நடந்தால் பஸ் நிற்கும் இடம். தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஃபிரிட்ஜைத் தொட்டபோது மகள் இன்னொரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டது கண்ணிலேயே நின்றது. தாழ்ப்பாளை விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மெயின் இறக்கியிருந்தும் கூடத்து பல்பு சிவந்தது.

"என்னம்மா, எத்தனை மாசம்?" என்று வாசலில் மாசிலாமணியின் குரல் கேட்டது.

அவர் அப்படியேதான் இருந்தார். அதே நீலக் கட்டம் போட்ட சட்டை, அதே காக்கிப் பை. வலது உள்ளங்கை மட்டும் கரியாக இருந்தது. குழாயைப் பார்த்தார், ஃபிரிட்ஜைப் பார்த்தார், சுவரில் கை வைத்து வீடு முழுக்க நடந்தார், அவர் கை போன இடத்திலெல்லாம் சுவருக்குள்ளிருந்த ரீங்காரம் அடங்கியது. கடைசியில் மோட்டாருக்குப் பக்கத்துச் சாக்கெட்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அதன் ஒரு ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு தீய்ப்பு இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்தார். மீட்டர் பெட்டியை அவர் திறக்கவில்லை.

"புயலப்ப ஜெனரேட்டர் ஓட்டுனீங்களா அண்ணே?"

இல்லை என்று சொல்ல எட்டு மாதமாகத் தனியே சொல்லிப் பழகியிருந்தார் வைத்திலிங்கம். "ஓட்டுனேன்" என்றார்.

"எத்தனை மணிக்கு?"

"பதினொன்றரை இருக்கும்."

மாசிலாமணி தலையை ஆட்டினார். "நான் மேல ஏறுனது பதினொண்ணேகால்."

அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. வைத்திலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்து தரையில் அவர் எதிரே உட்கார்ந்தார்.

"ஏதாவது சொல்லு மாசிலாமணி."

"சொல்ல என்ன இருக்குண்ணே. தேடிக்கிட்டு இருந்தேன். பாத்துட்டேன்." சாக்கெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். "வயரெல்லாம் பொடிஞ்சு கிடக்கு. எர்த்தே இல்ல, அதான் பிள்ளைக்கு அடிக்குது. பூராவும் உருவிட்டுப் புதுசா இழுக்கணும். ஒரு சேஞ்ச் ஓவரும் வாங்கி வச்சிருங்க. நாளைக்குப் பத்து மணிக்கு வந்து முடிச்சுக் குடுத்துடுறேன். அதுவரைக்கும் மெயினைத் தூக்காதீங்க."

வாசலுக்குப் போனவர் திரும்பிப் பார்க்காமலே நின்றார்.

"செங்கமலத்துக்கிட்ட நீங்கதான் சொல்லணும். அங்க என்னால போக முடியல. எங்க வீட்ல ஒண்ணும் கெட்டுப்போகல."

அவர் போனபிறகு புஷ்பவல்லி அடுக்களை வாசலில் நின்றபடியே, "தெரியாம செஞ்சதுதானே" என்றாள், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவளைப் போல.

"தெரியாம செஞ்சது ஒரு நிமிஷம்மா" என்றாள் குமுதினி. "எட்டு மாசம் தெரிஞ்சே இருந்திருக்காரு."

அன்று சாயங்காலம் வைத்திலிங்கம் பின்தெருவுக்குப் போனார். மாசிலாமணியின் மனைவி செங்கமலம் வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, தென்னங்கீற்றிலிருந்து விளக்குமாற்றுக் குச்சி கிழித்துக்கொண்டிருந்தாள். புயல் சாய்த்த மரங்களின் ஓலை ஊரில் இன்னும் தீரவில்லை. உட்காரச் சொன்னாள். அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். வயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டியதை, மட்டையை இழுத்து மூடியதை, காலைப் பிடித்துத் தூக்கியதை. அவள் கை நிற்கவே இல்லை. கத்தி கீற்றின் முதுகில் போய்ப் போய் வந்தது, குச்சிகள் ஒரு பக்கமும் ஓலை ஒரு பக்கமுமாக விழுந்தன.

"கருமாதியன்னிக்கு நீங்கதான் பந்தல்ல எல்லாருக்கும் இலை போட்டீங்க" என்றாள்.

"ஆமா."

இன்னொரு கீற்றை இழுத்துக்கொண்டே, "உங்க வீட்டுக்கு வந்தாரா?" என்று கேட்டாள். "எப்படி இருக்காரு?"

"அப்படியேதான் இருக்கான்."

"உங்க தெருவே கூப்பிட்டுச்சு. நான் கூப்பிடல. வேற தெருவுக்கு வராட்டியும் சொந்த வீட்டுக்கு வருவாருன்னு இருந்தேன். நல்லா இருக்குற சுவிட்ச்ச உடைச்சு வச்சுட்டுக் கூப்பிட்டா அவருக்குத் தெரிஞ்சுபோயிடும். வேலையக் கெடுத்தா அவருக்குப் பிடிக்காது." தலையை நிமிர்த்தி மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள். "இது எப்ப நிக்கும், எப்ப நிக்கும்னு தினம் பாத்துக்கிட்டுக் கிடக்கேன். நிக்க மாட்டேங்குது. இனிமே நின்னாலும் வரமாட்டாரு. தேடுனது கிடைச்சிடுச்சே."

அவளிடமிருந்து மாசிலாமணியை இரண்டாவது தடவையும் எடுத்துக்கொண்டுவிட்டோம் என்பது அப்போதுதான் வைத்திலிங்கத்துக்குப் புரிந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான்" என்றார். "வேலை பாக்கி இருக்கு. பூராவும் வயரிங் பண்ணணும்."

அவள் கை நின்றது.

"உங்க வீட்டுக்கா" என்றாள்.

திரும்பி வரும்போது அவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. தெருமுனையில் தொடங்கி நாற்பது வீட்டு வாசலிலும் நின்று, மின்கம்பிக்குக் கரண்ட்டு என் வீட்டிலிருந்துதான் போனது என்று சொன்னார். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் சொம்புத் தண்ணீரை வாசலில் கொட்டினார்கள். அல்லிமுத்து மட்டும் கூடவே நாலடி நடந்து வந்து, "அவன் எங்க வீட்ல வந்து கேட்டதை உனக்கு நான்தான்யா சொன்னேன்" என்றார், "பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தியே." ஆனால் அதிகம் பேர் கேட்டது வேறு. அப்படியானால் இனிமேல் யார் வந்து வேலை பார்ப்பார்கள் என்று கேட்டார்கள்.

மறுநாள் ஒன்பதரை மணிக்கே செங்கமலம் வந்துவிட்டாள். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நடுத்தெருவில் நடந்து வந்து, வைத்திலிங்கத்தின் வீட்டுப் படியில் ஏறினாள். புஷ்பவல்லி கொண்டுவந்த காபியைத் தொடவில்லை. சேஞ்ச் ஓவர் சுவிட்ச், வயர்ச் சுருள்கள், குழாய்கள் எல்லாம் கூடத்தில் இறக்கி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு அந்தச் சாமான்களின் பெயர்கள் தெரியும்.

பத்து மணிக்குப் பல்பு சிவந்தது. மாசிலாமணி வாசலில் செருப்பைக் கழற்றினார். கூடத்தில் நின்றவளைப் பார்த்தார். அவர் தோளிலிருந்து பையை இறக்க, அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"நீங்கள்லாம் வெளியில இருங்க" என்றாள் வைத்திலிங்கத்தைப் பார்க்காமல். குமுதினியை அம்மா கைத்தாங்கலாக எதிர்வீட்டுக்கு அழைத்துப் போனாள். வைத்திலிங்கம் தெருவில் வெயிலில் நின்றார். கதவு சாத்திக்கொண்டது.

அன்றைக்குப் பகல் முழுக்கக் கிட்டங்கித் தெருவில் அடுப்பு எரியவில்லை. எல்லோரும் அந்தச் சாத்திய கதவுக்கே காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் உளியும் சுத்தியலும் சுவரைப் பிளக்கும் சத்தம். பிறகு குழாய் பதிக்கும் சத்தம். மத்தியானத்துக்கு மேல் வயர் இழுக்கத் தொடங்கினார்கள். குழாயின் ஒரு முனையில் நின்று ஒருவர் வயரைச் செலுத்த, இன்னொரு முனையில், அடுத்த அறையிலிருந்து, இன்னொருவர் இழுக்க வேண்டும், நடுவில் சுவர் இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரலை வைத்துத்தான் வேலை. "விடு" என்று அவர் குரல் கேட்டது. "விட்டுட்டேன், இழுங்க" என்று அவள் குரல். "இன்னும் கொஞ்சம் விடு." "சிக்குது." "சிக்கட்டும், மெல்ல விடு." இப்படியே அறை அறையாகப் போனது. ஒரு தடவை ரொம்ப நேரம் சத்தமே இல்லை, தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு செங்கமலம் ஏதோ திட்டுவது கேட்டது, தாலி கட்டிய நாளிலிருந்து சேர்த்து வைத்ததைப் போல நீளமாக, தாழ்ந்த குரலில் திட்டினாள். அதன் முடிவில் அவள் அழுதாளா சிரித்தாளா என்பதில் எதிர்வீட்டுக்காரர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. "விடு" என்று மறுபடி அவர் குரல் வந்தது. "விட்டுட்டேன்" என்றாள்.

வெயில் தாழ்ந்து வாய்க்கால் பக்கம் மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. செங்கமலம் தனியாக நின்றாள். தலையிலும் கையிலும் சிமெண்ட் தூசி.

"முடிஞ்சிடுச்சு. மெயினை நீங்கதான் தூக்கிப் பாக்கணுமாம்."

வைத்திலிங்கம் உள்ளே போனார். வீட்டில் யாரும் இல்லை. புதிய பெட்டிக்குப் பக்கத்தில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் நிமிர்வாக மாட்டியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து மெயினைத் தூக்கினார். கூடத்திலும் அறைகளிலும் கொல்லையிலும் ஒரே சமயத்தில் விளக்குகள் எரிந்தன, தை மாதத்திலிருந்து நின்றிருந்த மின்விசிறி சுற்றத் தொடங்கியது. எதிர்வீட்டிலிருந்து வந்த குமுதினி, அம்மா தடுக்கத் தடுக்க, குழாயைப் பிடித்தாள். ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்தாள். ஒன்றும் இல்லை.

செங்கமலம் படியில் உட்கார்ந்து, குமுதினி கொடுத்த தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தாள். அல்லிமுத்து மெல்லக் கிட்டே வந்து, என்னம்மா சொன்னான் என்று கேட்டார்.

"எங்க வெட்டணும், எங்க விடணும்னு சொன்னாரு. வேற என்ன சொல்லுவாரு."

யாரோ ஒருவர் கூட்டத்தில் கைப்பேசியை எடுத்து அந்த எண்ணைப் போட்டுக் காதில் வைத்தார், பிறகு மெல்ல இறக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

செங்கமலம் டம்ளரைப் படியில் வைத்துவிட்டு எழுந்தாள். "சட்டையப் போட்டுக்கிட்டு வாங்கண்ணே. ஸ்டேஷனுக்குப் போயி எழுதிக் குடுத்துட்டு வந்துருவோம். நானும் வர்றேன்."

வைத்திலிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு, மகளை ஒரு முறை பார்த்துவிட்டு இறங்கினார். தெரு இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அவள் முன்னால் நடந்தாள், அவர் நாலடி பின்னால் நடந்தார். அவளுடைய முதுகில், ரவிக்கைக்கு மேல், சிமெண்ட் தூசியில் ஐந்து விரலும் தெளிவாக ஒரு கை பதிந்திருந்தது. தூசியைத் தட்டிவிடு என்று அவளிடம் தெருவில் யாரும் சொல்லவில்லை. ஸ்டேஷன் போய்ச் சேரும்வரை வைத்திலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.